நான்காம் வழித்தடம்: எளிது

சுற்றுலா அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிட ஒன்பது வயது மூத்த மேலாளரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார். தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தவள், வேறு யாரும் எழுத முன்வராததால் கையேடுகள் எழுதத் தொடங்கினாள். நாற்பத்தேழு வயதில் அந்த மாவட்டத்துக் கடற்கரை முழுவதையும் வர்ணிக்கும் பொறுப்பு அவள் தலையில் வந்து விழுந்திருந்தது. அவள் மேசைக்கு எதிரே ஒரு ஜன்னல். திறந்தால் வாகன நிறுத்தத்தின் சுவர் தெரியும்.

சைக்கிளில் ஊர் சுற்ற வருகிறவர்கள் கூடிக்கொண்டே போனதால், கரையோரச் சாலைகளை ஆறு வழித்தடங்களாகப் பிரித்து ஒரு கையேடு போடச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. அக்கா மூன்றே வாரத்தில் முடித்துக் கொடுத்தாள். சாலைத் துறையின் பழைய கோப்பு ஒன்று, வானத்திலிருந்து எடுத்த படங்கள், யார் யாரோ அனுப்பிய புகைப்படங்கள், இவ்வளவுதான் அவள் கையில் இருந்தது. ஒரு வழித்தடத்துக்கு 'கண்ணுக்கு விருந்து' என்று எழுதினால் அடுத்ததற்கு 'மனதை அள்ளும்' என்று எழுதுவாள். ஒரே பாராட்டு இரண்டு முறை வராமல் பார்த்துக்கொள்வதில் அவளுக்கு ஒரு பெருமை. துறைமுகத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை முப்பத்தெட்டு கிலோமீட்டர் போகும் நான்காம் வழித்தடத்துக்கு, 'எளிது. குடும்பத்தோடு செல்லலாம். சற்றே ஏறி இறங்கும் இதமான பாதை' என்று போட்டிருந்தாள்.

கையேடு வெளிவந்த இரண்டாவது மாதம், ஒருவர் அதை மடித்துக் கையில் பிடித்தபடி மாடியேறி வந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். ரயில் நிலையத்தில் முப்பது வருடம் அறிவிப்பாளராக இருந்தவர். பேச்சும் அப்படியே இருந்தது. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, கடைசிப் பெட்டியில் இருப்பவருக்கும் கேட்கிற மாதிரி வந்தது.

"இத எழுதினது யாரு?"

மேலாளர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அக்கா எழுந்து நின்றாள்.

"நான்தாங்க."

"இந்த ரோட்ல நீங்க சைக்கிள்ல போயிருக்கீங்களா?"

"இல்லீங்க."

"பஸ்லயாவது?"

அவள் தலையை ஆட்டினாள். இல்லை.

"என் மனைவி விழுந்துட்டாங்க. தோள்பட்டை எலும்பு முறிஞ்சு போச்சு. சாதாரண மேடா அது? சுவரு மாதிரி நிக்குது. எப்படியோ ஏறிட்டோம். அந்தப் பக்கம் இறங்கறப்ப வளைவுல சறுக்கி விழுந்தாங்க." கையேட்டை அவள் மேசைமேல் விரித்து, 'சற்றே' என்ற சொல்லின்மேல் விரலை வைத்தார். "இந்த ஒரு வார்த்தைய நம்பிப் போனோம்மா."

அவர் கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. புகார்ப் புத்தகத்தில் முகவரியை அழகான கையெழுத்தில் எழுதிவிட்டு, நிதானமாக இறங்கிப் போனார்.

"விடுங்கக்கா," என்றார் மேலாளர். "விழறவங்க எங்கயும் விழுவாங்க. அடுத்த பதிப்புல 'எளிது'ங்கறத 'மிதமானது'னு மாத்திடலாம்."

அன்று மாலை அவள் பழைய கோப்பை எடுத்து மறுபடி படித்தாள். அதில் இருந்த அளவுகள் கரையை ஒட்டிப் போன பழைய சாலையின் அளவுகள். அந்தச் சாலையைக் கடல் அரித்துக்கொண்டு போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. புதுச் சாலை குன்றின்மேல் ஏறி இறங்குகிறது. இதெல்லாம் கோப்பின் கடைசிப் பக்கத்தில் ஒரே வரியில் இருந்தது. கடைசிப் பக்கம் வரை அவள் போயிருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அலுவலகத்தில் மேசைக்கடியில் கால் தானாக ஆடியது. வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டு, அணைத்தோமா என்று பார்க்க மூன்று முறை போனாள். அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கடுகளவு திருகாணியைச் சட்டத்தில் பொருத்த ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரக்கூடிய மனிதர்.

"என்ன ஆச்சு உனக்கு? கால்ல வெந்நீர ஊத்திக்கிட்ட மாதிரி நிக்கிற?"

"ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லாததுக்கா குழம்புல ரெண்டு தடவ உப்பு போட்ட?"

சனிக்கிழமை காலை அவள் பால்கனிக்குப் போய், மகளின் கியர் சைக்கிள்மேல் காய்ந்துகொண்டிருந்த துணிகளை அள்ளி உள்ளே போட்டாள். மகள் பல் தேய்த்துக்கொண்டே வந்து பார்த்தாள்.

"அம்மா, கடைசியா எப்ப சைக்கிள் ஓட்டின?"

"ஸ்கூல் படிக்கறப்ப."

"அதுல கியர் இருந்துச்சா?"

"பிரேக்கே பாதி நாள் இருக்காது."

மகள் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, எந்த விரலால் எதைத் தட்ட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள். பிறகு தன் தலைக்கவசத்தை அம்மாவுக்கு மாட்டி, வாரை இழுத்துப் பூட்டினாள்.

துறைமுகத்து வாசலில் ஐஸ் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கிடையே தள்ளாடித் தள்ளாடிப் போய் அவள் வெளிச்சாலையைப் பிடித்தாள். முதல் பத்து கிலோமீட்டர் உப்பளங்கள். இரண்டு பக்கமும் தட்டையான வெள்ளை. பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. பக்கவாட்டில் அடித்த காற்று அவளைச் சாலையின் ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தது. தண்ணீர்ப் புட்டி பாதி வழியிலேயே காலியானது. 'தண்ணீர் கிடையாது' என்று நிறுத்தி நிறுத்திக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். பதினேழாவது கிலோமீட்டரில் மேடு வந்தது. அறிவிப்பாளர் பொய் சொல்லவில்லை. இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்கி ஏறினாள்.

உச்சியில் கடல் மொத்தமாகத் தெரிந்தது. அவள் பார்வை கடல் பக்கம் போகவில்லை. கீழே சாலை விறுவிறுவென்று இறங்கி இடது பக்கம் திரும்பியது. திரும்புகிற இடத்தில் தார் மங்கலாக இருந்தது. சைக்கிளை நிறுத்திவிட்டு நடந்து போய்க் காலால் தேய்த்துப் பார்த்தாள். மணல். பக்கத்து மணல்மேட்டிலிருந்து காற்று வாரி இறைத்த மாவு மாதிரி மணல், ஒரு விரல் கனத்துக்கு. எந்தக் கோப்பிலும் இது இருக்காது. கடைசிப் பக்கம் வரை படித்தாலும் இருக்காது.

வளைவைத் தாண்டிப் போகத் தைரியம் வரவில்லை. திரும்பி வந்துவிட்டாள்.

மறுநாளே புகார்ப் புத்தகத்து முகவரியைத் தேடிப் போனாள். அறிவிப்பாளர் மருந்து வாங்க வெளியே போயிருந்தார். கதவைத் திறந்தது அவர் மனைவி. திரைச்சீலை தைத்துக் கொடுப்பவர். கையைக் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கூடத்தில் பாதி தைத்த நீலத் துணி இயந்திரத்திலேயே கிடந்தது.

"நான்தாங்க அந்தக் கையேட்ட எழுதினவ. மன்னிப்புக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"உக்காருங்க. அவர் இல்லாதப்ப வந்தீங்க, நல்லதாப் போச்சு." அவர் குரலைத் தாழ்த்தினார். "அவருக்குத் தெரியாது. இறக்கத்துல 'பிரேக்கப் புடி, பிரேக்கப் புடி'னு பின்னாலருந்து அறிவிப்புக் கொடுத்துக்கிட்டே வந்தாரு. நான்தான் புடிக்கல."

"ஏங்க?"

"அந்த வேகம் புடிச்சிருந்துச்சும்மா. காதுல காத்து 'ஹோ'ன்னுச்சு. அறுபத்திரண்டு வயசுல எனக்கு யாரு அதக் கொடுப்பா? மணல் இருக்கறது தெரிஞ்சிருந்தா புடிச்சிருப்பேன்."

அக்காவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மணலைப் பற்றிச் சொன்னாள். சாலைத் துறைக்குக் கடிதம் எழுதியிருப்பதையும் சொன்னாள். தையல்காரம்மா அதைப் பெரிதாகக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

"அத விடுங்க. அந்த வளைவத் தாண்டினா என்ன இருக்கு? நான் பாக்கவே இல்லையே. நேரா ஆஸ்பத்திரிக்கில்ல கூட்டிட்டுப் போயிட்டாங்க."

அக்கா விழித்தாள். கழிமுகம், பாலம், கலங்கரை விளக்கம் என்று கையேட்டில் எழுதியதை ஒப்பிக்கலாம். அவள் ஒப்பிக்கவில்லை.

"எனக்கும் தெரியாதுங்க. பயந்து திரும்பிட்டேன்."

"அப்ப போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

அடுத்த சனிக்கிழமை போனாள். வளைவில் இறங்கி நடந்து கடந்து, மறுபடி ஏறி மிதித்தாள். அந்தப் பக்கம் நிலமே வேறாக இருந்தது. குன்று காற்றை மறைத்தது. நாணல் ஆளுயரத்துக்கு நின்றது. அதற்குள் சாலை இருக்கிற இடம் தெரியாமல் போனது. கழிமுகத்துக்குக் குறுக்கே பலகைப் பாலம். சக்கரம் ஏறியதும் பலகைகள் வரிசையாகத் தடதடத்தன. அடியில் சேற்றில் நண்டுகள் ஓடின. அதற்கப்புறம் ஏழு கிலோமீட்டர் கறுப்புப் பாறைக் கரை. அங்கே எதிர்க்காற்று பிடித்துக்கொண்டது. பெடலை மிதிக்க மிதிக்க நின்ற இடத்திலேயே நிற்பது போலிருந்தது. கலங்கரை விளக்கத்தை அடைந்தபோது உடம்பெல்லாம் உப்பு. கொண்டுபோன சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டாள். உட்கார்ந்தால் எழ முடியாது என்று பயம்.

இதையெல்லாம் தையல்காரம்மாவிடம் சொன்னபோது, அவர் ஒரு சொல் விடாமல் கேட்டுவிட்டு, "பலக எத்தன இருக்கும்?" என்றார். "எண்ணலையே" என்றாள். "சரி, மத்த அஞ்சு ரோடு?" என்று அடுத்த கேள்வி வந்தது.

மற்ற ஐந்தும் அவளை அரித்துக்கொண்டுதான் இருந்தன. ஒன்றில் பொய் இருந்தால் ஐந்திலும் இருக்காதா? சனி, ஞாயிறு என்று கிளம்பினாள். முதல் வழித்தடத்தில் 'நிழல் தரும் சோலை' என்று அவள் வர்ணித்த இடத்தில் வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் மட்டும் இருந்தன. மூன்றாவதில் மேய்ச்சல் நிலத்து நாய்கள் ஒரு கிலோமீட்டர் துரத்தின. ஐந்தாவதில், அவள் ஒரு சொல்கூட எழுதாத ஒரு சிறு விரிகுடா, வளைவு திரும்பியதும் காலடியில் பச்சையாகக் கிடந்தது. அங்கே அரை மணி நேரம் நின்றாள். அப்போதும் கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

மூன்றாவது மாதம் கணவர் பொறுமை இழந்தார்.

"அஞ்சு நாள் ஆபீசு, ரெண்டு நாள் ரோடு. நான் இந்த வீட்ல என்ன, நாற்காலியா?"

"தப்பா எழுதினத சரி பண்ணிட்டு விட்டுடறேங்க."

"பொய் சொல்லாத. தப்ப சரி பண்ணப் போறவ ரெண்டாவது ரோட்டுக்கு எதுக்கு மூணு தடவ போன?"

"என்னால உக்கார முடியலீங்க. இருபத்தி மூணு வருஷமா அந்தச் சுவரப் பாத்துக்கிட்டு கடலப் பத்தி எழுதியிருக்கேன். இப்ப உக்காந்தா மூச்சு முட்டுது."

இரண்டு நாள் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் கணவர் கடையிலிருந்து வந்து, அவள் போட்டிருந்த மூக்குக்கண்ணாடியைக் காட்டி, "கண்ணாடியக் கழட்டு" என்றார். காதுப்பக்கக் கம்பிகளைச் சூடுகாட்டி வளைத்து, பின்மண்டையில் மாட்ட ஒரு ரப்பர்ப் பட்டை கோத்துக் கொடுத்தார். "காத்துல பறந்துடுச்சுன்னா வழி தெரியாம எங்கயாவது போய்ச் சேருவ." சண்டை அதோடு தீர்ந்தது என்று சொல்ல முடியாது. அதன் பிறகும் சனிக்கிழமைகளில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தார்.

புதிய கையேட்டை மேலாளர் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"மணல், நாய், எதிர்க்காத்து, தண்ணி கிடையாது... அக்கா, இது சுற்றுலாக் கையேடா, புயல் எச்சரிக்கையா? இதப் படிச்சா எவன் வருவான்?"

"தெரிஞ்சு வர்றவன் வருவான் சார். அஞ்சாவது ரோட்டப் படிங்க."

அவர் விரிகுடாவைப் பற்றிய பத்தியைப் படித்தார். திரும்பவும் படித்தார். "இது எங்க இருக்கு? நான் இந்த ஊர்லயே பொறந்தவன்." பாதி எச்சரிக்கைகளை வெட்டினார், அவள் சண்டை போட்டு அதில் பாதியைத் திரும்ப வாங்கினாள். நான்காம் வழித்தடத்தின் தலைப்பில் 'கடினம்' என்று ஏறியது. சாலைத் துறை ஆறு கடிதங்களுக்குப் பிறகு வளைவில் ஓர் எச்சரிக்கைப் பலகை நட்டது. மணலைக் கூட்ட வாரம் ஒருமுறை ஆள் அனுப்புவதாகச் சொன்னது, சில வாரங்களில் அனுப்பவும் செய்தது. புகார்கள் நிற்கவில்லை. 'நாய்களைப் பற்றி எழுதிப் பயமுறுத்திவிட்டீர்கள், அங்கே ஒரு நாயும் இல்லை' என்று ஒருவர் எழுதியிருந்தார்.

தோள் எலும்பு கூடியதும் தையல்காரம்மா தட்டையான இரண்டாம் வழித்தடத்துக்கு அவளோடு வந்தார். அறிவிப்பாளரும் கூடவே வந்து, ஒவ்வொரு குழியையும் உரக்க அறிவித்தார்.

சாலைகளைப் போய்ப் பார்த்துச் சரிபார்க்க ஒரு பதவி வேண்டும் என்று அக்கா மனு கொடுத்தாள். "அப்படி ஒரு பதவியே கிடையாதுக்கா" என்றார் மேலாளர். ஒரு வருடம் இழுத்தடித்து, வாரத்தில் இரண்டு நாள் வெளியே போகலாம் என்று ஒரு தாள் வந்தது. ஜன்னலோர மேசையில் மீதி மூன்று நாளும் அவள் திமிறிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். எத்தனை கிலோமீட்டர் மிதித்தாலும் அது அடங்கவில்லை. அடங்கும் என்று எதிர்பார்ப்பதை அவள் விட்டுவிட்டாள்.

ஆறாம் வழித்தடத்தின் வட பாதியை மட்டும் அவள் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. அங்கே ஆற்றைப் படகில் கடக்க வேண்டும். படகில் சைக்கிள் ஏற்றுவார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் படகுத் துறையில் போய் நின்றாள்.

"சைக்கிள ஏத்துவீங்களா?"

படகோட்டி அவளையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. ஏத்தினா நீங்கதான் புடிச்சுக்கணும். உக்கார முடியாது."

"பரவால்ல. எவ்வளவு நேரம்?"

"நீரோட்டத்தப் பொறுத்து."

அவள் குறிப்பேட்டை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டாள். பிறகு முன் சக்கரத்தைத் தூக்கிப் படகின் விளிம்பில் வைத்தாள். படகோட்டி பின் சக்கரத்தைப் பிடித்து ஏற்றிவிட்டார்.