கமெயாமா-சானின் மனைவி வெளியே போயிருந்தார்

தொகுஜி கமெயாமா, ஜப்பானின் ஹமாதா ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் நாற்பத்தோரு வருடம் வேலை பார்த்தார். இன்று அந்த ஊரில் கார் ஓட்டுகிற நடுவயதுக்காரர்களில் பாதிப் பேர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றவர்கள்தான். அவரைப் பற்றிக் கேட்டால், "நல்ல மனுஷன். ஒண்ணும் சொல்ல மாட்டார்" என்பார்கள். ஒன்றும் சொல்லாதவரிடம் எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று ஒருவரைக் கேட்டேன்.

"பயந்துதான்" என்றார்.

பயிற்சி வண்டியில் ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. கமெயாமா-சான் (மரியாதைக்கு எல்லோர் பெயரோடும் 'சான்' சேர்ப்பார்கள்) அதை வாய்க்குப் பதிலாகப் பயன்படுத்தினார். தவறு என்றால் வண்டி நிற்கும். சரி என்றால் வண்டி போகும்.

அவர் வீட்டில் நான் ஒரு வருடம் இருந்தேன். துறைமுகத்தை ஒட்டிய மீன் ஆய்வுக்கூடத்தில் பயிற்சிக்காகத் தூத்துக்குடியிலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள். வெளிநாட்டுக்காரர்களை உள்ளூர்க் குடும்பங்களில் தங்கவைக்கும் சங்கம் ஒன்று எனக்கு வீடு பார்த்துக் கொடுத்தது. விண்ணப்பத்தில் பெயருக்கு இருந்த கட்டங்கள் போதாமல் 'மாரிச்செல்வம்' மாரியோடு நின்றுவிட்டது. மாரி என்பது ஜப்பானில் பெண்பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர் என்பது எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் மாதம் ரயில் நிலையத்தில் அவர் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவர் எதிரே போய் நின்றேன். அட்டையைப் பார்த்தார். என் மீசையைப் பார்த்தார்.

"மாரி-சான்?"

"ஆமாம்."

"பொண்ணு இல்லையா?"

"இல்லை."

"சரி" என்று என் பெட்டியை வாங்கிக்கொண்டார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "மனைவி இன்னிக்கு வெளியில போயிருக்கா" என்றார்.

எனக்கு ஒதுக்கிய அறையில் ரோஜாப்பூ நிற மெத்தை, அதே நிறத்தில் திரைச்சீலை. வீடு முழுக்கச் சின்னச் சின்னச் சீட்டுகள் ஒட்டியிருந்தன. கதவில் 'கதவு', விளக்கில் 'விளக்கு', மேசையில் 'மேசை'. எல்லாம் ஜப்பானிய எழுத்தில், குழந்தைகளுக்கு எழுதுவதுபோலப் பெரிது பெரிதாக. குளியல் தொட்டியின் மூடியில் மட்டும் நீளமான சீட்டு: 'குளித்தபின் அடைப்பைப் பிடுங்கவேண்டாம். தண்ணீர் எல்லோருக்கும்.' வரப்போகிற பெண் மொழி கற்றுக்கொள்ளட்டும் என்று மனைவி சுமியே எழுதி ஒட்டியவை அவை. முதல் மூன்று நாள் இரவுச் சாப்பாடு டப்பாவில் வந்த கறிக்குழம்பும் சோறும். மூன்று நாளும் மனைவி வெளியே போயிருந்தார்.

நாலாம் நாள் காலை, பக்கத்து வீட்டு ஹிரோசே-சான் தெருவின் சுற்றறிக்கைப் பலகையை எடுத்துக்கொண்டு வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், தனியாக இருப்பவர். கமெயாமா-சான் வேலைக்குப் போயிருந்தார்.

"தம்பி, சுமியே-சான் எங்கன்னு சொன்னாரு?"

"வெளியில போயிருக்காங்கன்னு சொன்னாரு."

"வெளியில போகல. போயிட்டா."

நான் எழுந்து நின்றுவிட்டேன். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"சாகல" என்றார் ஹிரோசே-சான். "பெப்புவுக்குப் போயிட்டா. அங்க ஒரு வெந்நீர் ஊற்று விடுதியில வேலை செய்யுறா. நீ வர்றதுக்குப் பத்தொன்பது நாளைக்கு முன்னால. இந்தப் பலகையில கையெழுத்துப் போடு, அடுத்த வீட்டுக்குக் குடுக்கணும்."

சங்கத்தின் விதிப்படி, விருந்தினரை வைத்துக்கொள்ளும் வீட்டில் குறைந்தது இரண்டு பேர் இருக்கவேண்டும். உண்மையைச் சொன்னால் என்னை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். அதனால் அவர் சொல்லவில்லையா, வெட்கப்பட்டுச் சொல்லவில்லையா என்பது எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை. எனக்கும் அந்த வீடு பிடித்திருந்தது. ஆய்வுக்கூடத்துக்கு நடந்தே போய்விடலாம்.

சங்கத்திலிருந்து ஒகுரி-சான் என்ற அம்மாள் மாதம் ஒருமுறை படிவத்தோடு வருவார். அதில் 'வீட்டுத் தாயின் கருத்து' என்று ஒரு கட்டம் உண்டு.

"சுமியே-சான் இல்லையா?"

செப்டம்பரில், "ஊறுகாய் வகுப்புக்குப் போயிருக்கா" என்றார் கமெயாமா-சான். அக்டோபரில், "பெரியம்மா தவறிட்டாங்க." நவம்பரில் யோசித்துப் பார்த்துவிட்டு, "இன்னொரு பெரியம்மா" என்றார். ஒகுரி-சான் தலைகுனிந்து துக்கம் விசாரித்தார். மறுவாரம் ஊதுபத்திப் பெட்டி ஒன்று வந்தது. கமெயாமா-சான் அதை வீணாக்க மனமில்லாமல் மூதாதையர் மாடத்தில் தினமும் ஒன்றாக ஏற்றினார். இல்லாத பெரியம்மாவுக்காக நாங்கள் இருவரும் நாற்பது நாள் கைகூப்பினோம்.

சமையல் என் கைக்கு வந்தது. மீன் எனக்குத் தெரிந்த விஷயம். அவர் எதைப் போட்டாலும் சாப்பிடுவார். பிடித்தால் இரண்டாவது கிண்ணத்தை நீட்டுவார். கிளம்புமுன் ஊரிலேயே ஜப்பானிய மொழி கொஞ்சம் படித்திருந்தேன்; வீட்டுச் சாமான்களின் பெயர்களைச் சீட்டுகளிலிருந்து கற்றேன். அதில் ஒரு சிக்கல் வந்தது. ஆய்வுக்கூடத்தில் மேலாளரிடம், "இந்த அயிலையை ஜன்னல்ல வைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"உங்க ஊர்ல அப்படித்தான் வைப்பாங்களா?"

"ஆமாம், எல்லா வீட்லயும். ஜன்னல்ல வெச்சா நாலு நாள் கெடாது."

அவர் அதைக் குறித்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்துத்தான் எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியில் 'ஜன்னல்' என்ற சீட்டு ஒட்டியிருப்பது தெரியவந்தது.

பிப்ரவரி கடைசியில் ஓர் அஞ்சலட்டை வந்தது. சுமியேயின் ஓட்டுநர் உரிமம் மார்ச் இருபதாம் தேதி, அவருடைய பிறந்தநாளோடு, காலாவதியாகிறது. அதற்குள் புதுப்பிக்கவேண்டும். கமெயாமா-சான் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். மூன்று நாள் அது உப்பு ஜாடியில் சாய்ந்து நின்றது.

எனக்கு மார்ச் முதல் வாரம் விடுமுறை. சாதாரண ரயில்களில் மட்டும் ஐந்து நாள் எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று ஒரு பயணச்சீட்டு வருடத்துக்கு மூன்று முறை விற்பார்கள். அதை வாங்கி க்யூஷூ தீவைச் சுற்றிவரப் போவதாகச் சொல்லியிருந்தேன்.

"பெப்பு வழியாப் போவீங்களா?" என்று கேட்டார்.

"போகலாம்."

"இதைக் குடுக்கணும்" என்று அட்டையைக் காட்டினார்.

"குடுத்துடறேன்."

அட்டையைத் திரும்ப உப்பு ஜாடியில் சாய்த்தார். "அந்த ரயில் சீட்டை ரெண்டு பேர் பங்கு போட்டுக்கலாம்" என்றார். "விதியில இருக்கு."

அப்படித்தான் அவர் கிளம்பினார். உடுப்பு மாற்றக்கூட ஒன்றும் எடுத்துவரவில்லை. ஒரு துண்டும் அந்த அட்டையும்தான்.

கடலோரமாக ஒற்றைப் பெட்டி ரயில். கமெயாமா-சான் ஒவ்வொரு நிலையம் நெருங்கும்போதும் வலது காலைத் தரையில் அழுத்தினார். ஓட்டுநர் பிரேக் போடுவதற்கு ஒரு நொடி முன்னால், ஒருமுறைகூடத் தவறாமல். மசுதா, ஹாகி, நகாதோ என்று மாறி மாறிப் போனோம். எங்கே உட்கார்ந்தாலும் என்னைப் பார்த்து யாராவது பேச்சுக் கொடுத்தார்கள்; ஆனால் பேச்சை அவரிடம்தான் கொடுத்தார்கள்.

"இவருக்குச் சாப்ஸ்டிக் பிடிக்க வருமா?" என்று ஒரு பாட்டியம்மா கேட்டார்.

"வரும்."

"பச்சை மீன் தின்பாரா?"

"தின்பார்."

"நம்ம பேச்சு புரியுமா?"

"உங்ககிட்டயே கேளுங்களேன்" என்று, 'என்கிட்ட' வரவேண்டிய இடத்தில் நான் குழம்பிச் சொன்னேன். பாட்டியம்மா பயந்துபோய் அவர் பக்கம் இன்னும் நகர்ந்தார். "இவரு உங்களுக்கு யாரு?"

கமெயாமா-சான் கடலைப் பார்த்தார். அடுத்த நிலையம் வந்து போயிற்று. "எங்க வீட்டு ஆள்" என்றார்.

அந்த ஒரு நாளில் அவர் பதினாறு பேருக்குப் பதில் சொன்னார். ஏழு மாதத்தில் என்னிடம் பேசியதைவிட அதிகம். கொகுரா போய்ச் சேர்ந்ததும் களைத்துப்போய், விடுதியில் சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

மறுநாள் காலை பெப்பு. சுமியே வேலை பார்த்த விடுதியின் பின்வாசலில் நின்றோம். சட்டிகள் அடுக்கிய தட்டோடு ஒரு பெண் வந்தார். ஐம்பது வயதிருக்கும், கிமோனோவின் கைகளை மடித்துக் கட்டியிருந்தார். எங்களைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்தார். ஒரு சட்டியும் சத்தம் போடவில்லை. கணவரை விட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"நீங்கதான் மாரி-சானா? நான் பொண்ணுன்னு நெனச்சேன். மெத்தை..."

"நல்லா கதகதப்பா இருக்கு."

"சீட்டு உதவுச்சா?"

"ரொம்ப. குளிர்பெட்டிதான் ஜன்னல்னு இருந்துச்சு."

"நான் அப்படி எழுதவே இல்லையே" என்று அவர் திரும்பி கணவரைப் பார்த்தார்.

"ரெண்டு சீட்டு கீழ விழுந்திச்சு" என்றார் கமெயாமா-சான். "திரும்ப ஒட்டினேன்."

"படிச்சுப் பாக்காமயா?"

கமெயாமா-சான் அட்டையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "இருபதாம் தேதிக்குள்ள."

"தபால்ல போட்டிருக்கலாமே."

"தொலைஞ்சு போயிடும்."

"இந்த நாட்டுலயா?"

சுமியே என் பக்கம் திரும்பினார். எதிரில் கணவர் நிற்பதையே கண்டுகொள்ளாதவர்போலச் சொன்னார்: "இருபத்தாறு வருஷம், மாரி-சான். நான் வண்டி ஓட்டினா பக்கத்துல உக்காந்து வெறும் தரையில காலை அழுத்துவார். வேகமாப் போறேன்னு சொல்லட்டுமே, சண்டை போட்டிருப்பேன். சொல்ல மாட்டார். வீட்ல யாராவது பேச இருக்கட்டும்னுதான் வெளிநாட்டுக்காரங்களக் கூப்பிட எழுதிப் போட்டேன். நீங்க வர்ற தேதி மூணு தடவ தள்ளிப்போச்சு. நாலாவது கடிதாசு வந்த அன்னிக்கு, பேசறதுக்கு ஒரு ஆளை எதுக்கு இந்தியாவுலேர்ந்து வரவழைக்கணும், பேசறவங்க இருக்கிற எடத்துக்கு நாமளே போயிடலாமேன்னு தோணிச்சு."

என் பயணத் தாமதத்துக்குக் காரணம் தூத்துக்குடி அலுவலகத்தில் ஒரு கையொப்பம். அதை விளக்கி மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல" என்றார்.

அப்போது கமெயாமா-சான் பேசினார். நான் கேட்டதிலேயே அவருடைய மிக நீளமான பேச்சு அது.

"இந்த ஊருக்கு விலாசத்தை மாத்திட்டா இங்கயே புதுப்பிச்சுக்கலாம். மாத்தலைன்னா ஹமாதாவுக்கு வரணும். வந்தா அரைநாள்ல முடிஞ்சிடும், நீ ஒரு தப்பும் பண்ணாதவ, வகுப்பு அரைமணிதான். எதை வேணும்னாலும் செய். ஆனா காலாவதி ஆகவிடாத. ஆயிட்டா முதல்லேர்ந்து எழுதணும். நீ நல்லா ஓட்டுறவ."

சுமியே அட்டையைப் பார்த்தார். "கடைசியில சொன்னதை மறுபடி சொல்லுங்க."

"முதல்லேர்ந்து எழுதணும்."

"அதுக்கு அப்புறம்."

அவர் காது சிவந்தது. "நல்லா ஓட்டுறவ."

"எப்பலேர்ந்து?"

"முதல்லேர்ந்தே."

உள்ளிருந்து யாரோ சுமியேயைக் கூப்பிட்டார்கள். அவர் அட்டையைக் கச்சையில் செருகிக்கொண்டு தட்டைத் தூக்கினார். "சாப்பிட்டுட்டுப் போங்க. சமையல்கட்டுல சொல்றேன்" என்று போய்விட்டார். கமெயாமா-சான் வேறு சீட்டு எடுத்து அன்றைக்கே ஹமாதாவுக்குத் திரும்பினார். நான் க்யூஷூவைச் சுற்றினேன்.

நான் திரும்பி வந்த வாரம் ஒகுரி-சான் படிவத்தோடு வந்தார். "சுமியே-சான் இல்லையா?"

கமெயாமா-சான் முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு, "போயிட்டா" என்றார். "ஜூலையிலயே."

"தெரியும்" என்றார் ஒகுரி-சான். "ஹிரோசே-சான் முதல் மாசமே சொல்லிட்டாங்க."

"அப்ப அந்த ஊதுபத்தி?"

"நீங்க பெரியம்மான்னு சொன்னீங்க. சொன்ன அப்புறம் குடுக்காம எப்படி?" அவர் படிவத்தைப் புரட்டினார். "விதியில ரெண்டு பேர்னுதான் இருக்கு. புருஷன் பொண்டாட்டின்னு இல்ல. நீங்களும் மாரி-சானும் ரெண்டு பேர்தானே?" 'வீட்டுத் தாயின் கருத்து' கட்டத்தில் அவர் மாதாமாதம், 'தாய் வெளியே போயிருக்கிறார்' என்றே எழுதிவந்திருந்தார்.

மார்ச் பதினெட்டாம் தேதி சுமியே வந்தார். விலாசத்தை மாற்றவில்லை. உரிம அலுவலகத்துக்கு அவரே காரை ஓட்டினார். கமெயாமா-சான் என்னை முன்னால் உட்காரச் சொல்லிவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் என் முதுகில் இருக்கைக்குப் பின்னாலிருந்து ஏதோ அழுத்தியது. மூன்றாவது திருப்பத்தில், "வேகம்" என்று ஒரு குரல் கேட்டது.

"என்னது?" என்றார் சுமியே.

"வேகமாப் போற."

"நாப்பதுலதான் போறேன்!"

"இது முப்பது ரோடு."

"எப்பலேர்ந்து?"

"போன வருஷத்துலேர்ந்து. அப்ப நீ இங்க இல்ல."

உரிம அலுவலகம் வரும்வரை இருவரும் சண்டை போட்டார்கள். சுமியே காரை நிறுத்திவிட்டு இறங்கும்போது கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டார். முகம் நன்றாக இருந்தது.

மறுநாள் அவர் பெப்புவுக்குத் திரும்பிவிட்டார். வசந்தகாலக் கூட்டம், விடுதியில் ஆள் போதாது. அதன் பிறகு பதினான்கு வருடம் அப்படியே நடந்தது. கூட்டம் குறையும் ஜூனிலும் ஜனவரியிலும் அவர் வருவார். இவர் விடுமுறைக்கு அங்கே போவார். பிரிந்தார்களா சேர்ந்தார்களா என்று தெருவில் யாரும் முடிவுகட்டவில்லை. ஹிரோசே-சான் மட்டும், "அவளுக்கு ரெண்டு வீடு, எனக்கு ஒண்ணுதான்" என்று குறைப்பட்டார். கமெயாமா-சான் இன்னும் ஒன்பது பேரைத் தங்கவைத்தார்: ஒரு மங்கோலியர், இரண்டு பிரேசில்காரர்கள், கனடாவிலிருந்து சைவம் மட்டும் சாப்பிடும் ஒரு தச்சர், இன்னும் சிலர். நான் அதே ஆய்வுக்கூடத்தில் வேலையாகி, மணமுடித்து, இரண்டு தெரு தள்ளிக் குடியேறிவிட்டதால், விதிப்படி இரண்டாவது ஆள் நான்தான் என்று ஒகுரி-சான் எழுதிக்கொண்டார்.

ஓய்வுபெற்றதும் அவர் வீட்டைப் பூட்டிவிட்டுப் பெப்புவுக்குப் போனார். அதே விடுதியில் வாசலில் விருந்தினர் காலணிகளை வாங்கி அடுக்கும் வேலை. வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர்களோடு பழகியவர் என்று அங்கே பெயர்.

போன இலையுதிர்காலத்தில் என் மனைவியோடும் மகளோடும் அங்கே போயிருந்தேன். கமெயாமா-சான் ஒரு ஜெர்மானியத் தம்பதிக்குப் பக்கத்து ஊரான யுஃபுயினுக்குப் பேருந்து நேரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். காத்திருந்தோம். வெந்நீர் ஊற்றின் ஆவியில் வெந்த முட்டைகளோடு சுமியே வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். மகளின் பரீட்சை பற்றிக் கேட்டார். முட்டையை உரித்து அவள் கையில் கொடுத்தார். ஜெர்மானியர்கள் போன பிறகு கமெயாமா-சான் எங்களிடம் வந்து உட்கார்ந்து, யாரும் கேட்காமலே, "இலையெல்லாம் இந்த வருஷம் லேட்டாத்தான் சிவக்குது" என்றார். பிறகு வாசலில் விருந்தினர் கூட்டம் ஒன்று வந்தது. அவர் எழுந்து போய்விட்டார்.