மாமா என்று கூப்பிடாத வாய்

மாமா, நீங்கள் உயிரோடு இருக்கும்போது உங்களை ஒருநாளும் நான் இப்படிக் கூப்பிடவில்லை.

போன வருஷம்தான் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கல்யாணம் முடித்து வந்தேன். மாமியார் இல்லாத வீடு. கணவருக்குக் கொழும்பில் கடை வேலை. லயத்து வீட்டில் நானும் மாமனாரும்தான். மலையில் அவர்தான் எங்களுக்குக் கங்காணி. கொழுந்து பறிக்கிறவர்களுக்கு நிரை பிரித்துக் கொடுப்பதும் பிழை பிடிப்பதும் அவர் வேலை.

நான் வேலைக்குப் போன முதல் நாளே பக்கத்து நிரை அக்கா, "ஒனக்கென்னடி, மாமனாரு கங்காணி. நல்ல நிரையா பாத்துக் குடுப்பாரு" என்று சிரித்தார். அது அவர் காதில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு பள்ளமும் அட்டைக்கடியும் உள்ள நிரைதான் எனக்கு. ஒருநாள் என் கூடைக்குள் கைவிட்டு முற்றின இலையை எடுத்து எல்லாருக்கும் காட்டினார். "இது கொழுந்தா? மாட்டுக்கா பறிக்கிற?" எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று சாயந்தரம் வேண்டுமென்றே, "கங்காணி, தேத்தண்ணி" என்று கோப்பையை வைத்தேன்.

"வீட்டுல என்ன புள்ள கங்காணி? மாமான்னு கூப்புடு."

"சரிங்க கங்காணி."

அவர் சிரித்துவிட்டார். கொஞ்ச நாளில் என் கோபம் போய்விட்டது. கங்காணி என்ற வார்த்தை மட்டும் போகவில்லை. அட்டை கடித்த என் காலுக்கு மருந்து வாங்கி வந்து அடுப்படியில் வைத்துவிட்டுப் போனாரே, அன்று மாமா என்று கூப்பிட நினைத்தேன். வெட்கமாக இருந்தது. நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டேன்.

பிறகு ஒரு காலையில் மலையில் குளவிக்கூடு கலைந்தது. எல்லாரும் ஓடினார்கள். நான் தண்ணி ஓடுகிற கானுக்குள் சறுக்கி விழுந்தேன். தப்பித்து மேலே போயிருந்த மாமனார் திரும்பி ஓடி வந்தார். தன் மழைக்கோட்டைக் கழற்றி என்மேல் போட்டு, ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார். "அசையாத புள்ள, அசையாத." குளவியெல்லாம் அவர்மேல்தான்.

அவரை லொறியில் போட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வார்டு வாசலில் நர்ஸ், அவர் உனக்கு யார் என்று சிங்களத்தில் கேட்டார். என் வாயில் வந்தது, "கங்காணி."

வேலையாட்கள் வெளியே இருங்கள், வீட்டு ஆட்களை வரச் சொல்லுங்கள் என்று கதவைச் சாத்திவிட்டார். சேறு அப்பிய உடுப்போடு நிற்க வெட்கப்பட்டு, வாசலில் கிடந்த மர வாங்கில் போய் உட்கார்ந்தேன். சிங்களத்திலும் மாமா என்றால் மாமாதான். அந்த ஒரு சொல் போதும். அதைச் சொல்லாமல் வாங்கிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பின்னால் வந்த தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஐயா, "இது அவரு மருமக" என்று சொன்ன பிறகுதான் உள்ளே விட்டார்கள். அதற்குள் முகத்தை மூடியிருந்தார்கள்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவர் என்னையே பார்த்தார். "'புள்ளைக்குக் கொட்டிருச்சா, புள்ளைக்குக் கொட்டிருச்சா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரும்மா. அந்தப் புள்ள நீதானா?"

எனக்கு ஒரு குளவிகூடக் கொட்டவில்லை. அதைச் சொல்ல நான் அவர் பக்கத்தில் இல்லை.

இப்போது தேத்தண்ணி ஊற்றும்போதெல்லாம் மாமா என்று வாய் தானாக வருகிறது, கேட்கத்தான் ஆள் இல்லை. இதை வாசிக்கிறவர்கள் எல்லாரும் இன்றைக்கு விளக்கு வைக்கும்போது என் மாமாவையும் நினைத்துச் சாமி கும்பிடுங்கள்.