பாறை மேல் ஏறிய என் கடை

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்கழி மாசம் நடந்தது இது. ஏற்காட்டிலிருந்து மாரமங்கலம் போகிற ரோட்டில், ஒரு வளைவில் நானும் என் வீட்டுக்காரரும் சின்னதாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறோம். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எதற்கெடுத்தாலும் பயம். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள்.

அப்போது வியாபாரம் படுத்துக் கிடந்தது. தை பிறந்ததும் கடையை மூடிவிட்டுச் சேலத்துக்கு மில் வேலைக்குப் போய்விடலாம் என்று அவர் முடிவே பண்ணிவிட்டார். ஒருநாள் கடைக்கு நேர் எதிரே ஒரு கார் நின்றது. உள்ளே இருந்தவர்கள் போனில் இறக்கி வைத்திருந்த மேப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கம் சாப்பாட்டுக் கடையே இல்லையாம் என்று பேசிக்கொண்டே போய்விட்டார்கள். கையில் கரண்டியோடு நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். போனில் இல்லையென்றால், கண் முன்னால் இருந்தாலும் இல்லைதான் போல.

சரி, நாமும் போனில் ஏறிவிடுவோம் என்று சேலத்தில் இருக்கிற தங்கச்சியைக் கூப்பிட்டேன். கடையில் டவர் கிடைக்காது. பேச வேண்டுமென்றால் மேலே இருக்கிற பாறைக்குத்தான் இந்தப் பக்கம் எல்லோரும் ஏறுவோம். பாறையில் நின்றபடி அவள் சொல்லச் சொல்ல, கடைப் பெயர், சாப்பாட்டு போட்டோ எல்லாம் ஏற்றினேன். கடைசியில், "நீ இருக்கிற எடத்தை அதுவே காட்டும்க்கா, அமுக்கிடு" என்றாள். அமுக்கிவிட்டேன்.

கொஞ்ச நாளில் வெளியூர்க் குடும்பம் ஒன்று, வேனில் வருகிறோம், மதியச் சாப்பாடு வேண்டும், மேப்பைப் பார்த்தே வந்துவிடுகிறோம் என்று செய்தி அனுப்பியது. எனக்குக் கால் தரையில் இல்லை. விடிந்ததிலிருந்து சமைத்தேன். மதியமாயிற்று, வேனைக் காணோம். ரோடே தெரியாத பனிமூட்டம். பள்ளத்தில் கிள்ளத்தில் இறங்கிவிட்டதோ என்று ரோட்டோரம் போய் எட்டி எட்டிப் பார்த்தேன். போன் போட்டுக் கேட்கலாமென்று பாறைக்கு ஓடினேன்.

பாறையை நெருங்கும்போது பனிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம். அந்தக் குடும்பம் மொத்தமும் அங்கே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருக்கிறது! நான் பாறையில் நின்று அமுக்கிய புள்ளியைப் பிடித்து, அடுத்த வளைவில் பிரிகிற மண்பாதை வழியாக மேப் அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது. பாறையை ஒட்டிக் குடியிருக்கிற ஆரஞ்சு விவசாயி அண்ணனின் உபசாரம் அது.

என்னைப் பார்த்ததும், "ஏனுங்க அம்மிணி, கடையை எப்பங்க எங்க ஊட்டுக்கு மாத்துனீங்க? சொல்லியிருந்தா வாசலாச்சும் கூட்டி வெச்சிருப்பனே" என்றார்.

எனக்கு மூஞ்சியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வந்தவர்களோ, மேகம் கையில் வந்து உட்காருகிறது என்று எனக்கு நன்றி சொல்கிறார்கள். பாறை ஏறிய பசியில், கீழே வந்து சட்டியை வழித்துச் சாப்பிட்டார்கள். இரண்டாம் தடவை உலை வைத்த என் வீட்டுக்காரர், அதற்கப்புறம் மில் பேச்சையே எடுக்கவில்லை.

தங்கச்சி சொல்லிக் கொடுக்க, மேப்பில் புள்ளியைக் கடைக்கு மாற்றினேன். அடுத்த வாரமே அந்த அண்ணன் வந்து நின்றார். "நம்ம ஆரஞ்சுக்கும் ஒரு புள்ளி வெச்சுக் குடுங்க" என்றார். இந்தத் தடவை தங்கச்சியைக் கேட்கவில்லை, நானே வைத்தேன்.

இப்போதும் வேன் வரக் கொஞ்சம் தாமதமானால் பயம் வரத்தான் செய்கிறது. ஆனால் அந்த நாளுக்கப்புறம், பள்ளத்தை எட்டிப் பார்க்கும் முன்னே, பாறைப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கிறதா என்று ஒரு நிமிஷம் காது கொடுக்கப் பழகிவிட்டேன்.