சைகோனிலிருந்து காசிக்கு, அப்பாவோடு

அப்பாவைக் காசிக்குக் கொண்டுபோனவள் என் அம்மா. வியட்நாமில் பிறந்து, காசி எந்தத் திசையில் இருக்கிறதென்றே தெரியாமல் வளர்ந்தவள்.

அப்பா தேவகோட்டைப் பக்கத்துக்காரர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் ஒரு செட்டியார் கடைக்கு எடுபிடி வேலைக்காகச் சைகோன் வந்தார். பிறகு மாடுகள் வாங்கிப் பால் வியாபாரம் தொடங்கினார். ஆற்றங்கரைச் சாலையில் இருக்கும் முருகன் கோயிலுக்கு அபிஷேகப் பால் எங்கள் கொட்டகையிலிருந்துதான் போகும். அம்மா, கொட்டகைக்கு வைக்கோல் கொண்டுவந்த படகுக்காரரின் மகள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் கற்ற தமிழ் முழுக்க அப்பாவின் தமிழ். தேவகோட்டைக்காரி போலவே பேசுவாள். குரல் மட்டும் வியட்நாமியப் பேச்சின் ராகத்தில் ஏறி இறங்கும்.

பிரெஞ்சுக்காரர்கள் போய், அமெரிக்கர்கள் வந்து, சண்டை முற்றியிருந்த ஒரு மழைக்காலத்தில் அப்பா காய்ச்சலில் இறந்துபோனார். அதற்கு முன் அம்மாவிடம் ஒன்றுதான் கேட்டார்: "என்னையக் காசியில கரைச்சிரு."

அஸ்திக் கலயத்தை அம்மா தன் முன்னோர் படங்கள் இருந்த மேடையில் வைத்து, தினமும் ஊதுபத்தி ஏற்றி, ஒரு தம்ளர் பால் படைத்தாள். கோயில் காரியங்களைக் கவனித்துவந்த செட்டியார் துக்கம் கேட்க வந்தபோது இதைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"அஸ்திய வீட்டுக்குள்ள வைக்கக் கூடாதும்மா."

"அவுக வீட்ட விட்டு எங்க போவாக?" என்றாள் அம்மா.

அவர் தணிந்து பேசினார். ஊரில் குண்டு வெடிக்கிறது, இந்த நேரத்தில் தாயும் மகளுமாக இரண்டு பெண்கள் காசிக்குப் போவதாவது? "இந்தா இருக்கு ஆறு. இங்கயே கரைச்சிருவோம். எல்லாத் தண்ணியும் கடல்லதான் போயிச் சேருது."

"அவுக காசின்னுதான் சொன்னாக. ஆறுன்னு சொல்லல."

மாடுகளை விற்றோம். விமானத்தில் கல்கத்தா போய், அங்கிருந்து ரயில் ஏறினோம். பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த நான் துணைக்குப் போனேன் என்று பெயர். உண்மையில் ரயிலில் இடம் பிடித்தது, கூலிக்காரர்களிடம் கையால் பேசி வழி கேட்டது எல்லாம் அம்மாதான். கலயத்தைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள், தூங்கும்போதும் இறக்கவில்லை.

காசியில் தமிழர்கள் தங்கும் சத்திரம் ஒன்றில் இறங்கினோம். மறுநாள் காலை, தமிழ் பேசும் புரோகிதர் ஒருவர் எங்களைப் படித்துறைக்கு அழைத்துப் போனார். அம்மா சேலை கட்டி, எங்கள் ஊர்த் துக்க வழக்கப்படி நெற்றியைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தாள். புரோகிதர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"இவா யாரும்மா? கூட வந்தவாளா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: "நான் அவுக வீட்டுக்காரி."

புரோகிதர் சற்றுத் திகைத்தார். பிறகு, "ஆண் பிள்ளை இல்லையோ?" என்றார்.

"இல்ல. இவ ஒருத்திதான்."

"சரி, நீங்களே கர்த்தாவா இருந்து பண்ணலாம். அவரோட அப்பா, தாத்தா, கொள்ளுத் தாத்தா பேரெல்லாம் வேணுமே. தெரியாட்டாப் பரவாயில்லை, பொதுவாச் சொல்லிக்கலாம்."

எனக்குத் தாத்தாவின் பெயர் மட்டும்தான் தெரியும். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து மூன்று பெயர்களையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அதோடு விடாமல் அவர்களுடைய மனைவிமார் பெயர்களையும் சொல்லி, அப்பாவின் குலதெய்வத்தையும் சொன்னாள். ஒவ்வொரு அமாவாசைக்கும் சைகோன் ஆற்றில் முன்னோர் பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைக்கும் அப்பாவுக்குப் பக்கத்தில், பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்.

பக்கத்தில் திதி கொடுத்துக்கொண்டிருந்த திருநெல்வேலிக் குடும்பம் ஒன்று தங்கள் வேலையை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தது. புரோகிதர் தர்ப்பையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். சடங்கு முடிந்து, நடு ஆற்றில் படகிலிருந்து குனிந்து அவள் கலயத்தைக் கவிழ்த்தபோது நான் அழுதேன். ஆனால் அந்தத் துக்கத்தோடு வேறொன்றும் நெஞ்சில் நிறைந்து நின்றது. இவள் என் அம்மா என்று அந்தப் படித்துறை முழுக்கக் கத்திச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

மறுநாள் பக்கத்திலிருக்கும் சாரநாத்துக்கும் போனோம். புத்தர் முதலில் போதித்த இடம் என்று சொன்னதும் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலில் நெடுநேரம் மண்டியிட்டிருந்தாள்.

சைகோன் விமான நிலையத்தில், நாங்கள் காசியில் வாங்கி வந்த, வாய் அடைத்த கங்கைச் செம்பை ஓர் அதிகாரி தட்டிப் பார்த்தார். போர்க்காலம், மூடிய எதையும் அவர்கள் விடுவதில்லை. உடைத்துக் காட்டச் சொன்னார். அம்மா வியட்நாமிய மொழியில், "ஆற்றுத் தண்ணீர்தான் தம்பி. புத்தர் முதலில் போதித்த ஊரிலிருந்து வருகிறேன்" என்றாள். அவர் செம்பை இரண்டு கையாலும் எடுத்து அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். அதுவரை அம்மா பால் பாத்திரத்தை வாசலில் இறக்கிவிட்டு, கூட்டத்தின் கடைசியில் நின்று கும்பிடுகிறவள். அன்று செட்டியார் எழுந்து வந்து செம்பை வாங்கினார். "முன்னால வாங்க ஆச்சி" என்றார். தங்கள் வீட்டுப் பெண்களைத் தவிர வேறு யாரையும் அவர் அப்படி அழைத்து நான் கேட்டதில்லை. அபிஷேகம் முடிந்ததும் முதல் விபூதி அவளுக்குத்தான் வந்தது. கடைகளைக் கட்டிக்கொண்டு இந்தியா திரும்பவிருந்த இரண்டு வியாபாரிகள் அவளிடம் வந்து காசிக்கு வழி விசாரித்தார்கள். எந்த ரயில், எங்கே தங்கலாம் என்று அவள் விளக்கமாகச் சொன்னாள்.

மீதித் தண்ணீரோடு வீட்டுக்கு வந்தோம். எங்கள் சந்தில் இருந்த வியட்நாமியப் பெண்கள் காத்திருந்தார்கள். அந்த ஆறு எவ்வளவு பெரியது என்று கேட்டார்கள். "நம் மீகாங் அதைவிடப் பெரியது. ஆனால் காலையில் அங்கே சனமெல்லாம் இடுப்பளவு தண்ணீரில் நின்று சூரியனைக் கும்பிடுகிறது. அதைப் பார்க்கக் கொடுத்துவைக்க வேண்டும்" என்றாள் அம்மா. அவர்களில் பலருடைய பிள்ளைகள் போர்முனையில் இருந்தார்கள். ஒருத்தி தயங்கித் தயங்கி, மகனுக்காக ஒரு சொட்டுக் கிடைக்குமா என்று கேட்டாள். அம்மா அவளை உள்ளே அழைத்தாள். செம்பு காலியாகும்வரை, வந்த எல்லோருக்கும் சின்னச் சின்னத் தேநீர்க் கோப்பைகளில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.