யானைக் கணக்கு: பூஜ்யம்!

இன்று வன அலுவலக மீட்டிங்கில்...

(இன்னும் துள்ளிக்கொண்டிருக்கிறேன். சந்தோஷத்தில்தான்!)

கோவைப் பக்கம் தொண்டாமுத்தூருக்கு மேலே மலையடிவாரத்தில் யானை நடமாட்டத்தைப் பதிவு செய்ய ஓர் ஆப் செய்து கொடுத்திருந்தேன். துடியலூரில் ஏசி ரூமில் உட்கார்ந்து செய்தது.

தினமும் காட்டுப் பாதையில் நடந்து பதிவு செய்கிறவர்கள் அந்தக் காட்டோரத்திலேயே வாழும் இருளர் பெண்கள் ஐந்து பேர். டீம் லீடர் ராமி, என் வயதுதான்.

இனி இந்த வேலையை இவர்களே நடத்துவதா, வெளியிலிருந்து ஒரு கம்பெனியைக் கூப்பிடுவதா என்று இன்று முடிவாக வேண்டும்.

ரேஞ்சர் என் ஆப்பைத் திறந்தார். மூன்று மாதம் நடந்ததற்கு யானைக் கணக்கு: பூஜ்யம்!

போன வாரம்தான் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கூட்டம் புகுந்து வாழையெல்லாம் காலி. ரேஞ்சர் ராமியைப் பார்த்தார். எனக்கு வியர்த்துவிட்டது.

ஏனென்றால் தப்பு என்னுடையது. ஆப்பில் முதல் கேள்வியே "யானையை நேரில் பார்த்தீர்களா?" என்பதுதான். "இல்லை" என்று தொட்டால் அதோடு ஃபார்ம் மூடிக்கொள்ளும். (அதை வைத்த அன்று பெருமை வேறு!)

ராமி எழுந்தார்.

"பார்க்கலைங்க. அது கண்ணுல படாமத்தானுங்க நாங்க நடக்கோணும். பார்த்துட்டா, அன்னிக்கு எங்கியோ தப்புப் பண்ணிப்போட்டோம்னு அர்த்தமுங்க."

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க அம்மணி, தெனமும் வாய்ஸ் மெசேஜ் அனுப்புனனே, அதைப் போடுங்க."

அனுப்பியிருந்தார்தான். நான் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. வெட்கமாக இருக்கிறது.

போட்டேன். சாணம் இன்னும் சூடு ஆறவில்லை, கூட ஒரு குட்டி இருக்கிறது, மூங்கிலை ஒடித்துத் தின்றுவிட்டு மேற்கே திரும்பியிருக்கின்றன என்று நாள் தவறாமல் சொல்லியிருந்தார்! வாழை போனதற்கு முந்தின நாள் மெசேஜில், கூட்டம் கீழே இறங்குகிறது, தோட்டத்துக்காரரிடம் சொல்லிவிடுங்கள் என்றே இருந்தது. அது என் போனிலேயே தூங்கியிருக்கிறது.

ரேஞ்சர் மேப்பை எடுத்துக்கொண்டு ராமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கம்பெனிப் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

வேலை ராமி டீமுக்கே!!

மெசேஜ் இனி நேராக ரேஞ்சருக்குப் போகும். ஃபார்மில் என்ன கேட்பது என்பதும் அவர்கள் முடிவு. நான் டைப்பிஸ்ட். (ரொம்ப சந்தோஷமான டைப்பிஸ்ட்!)

சாயங்காலமே ராமி சொல்லச் சொல்ல டைப் செய்தேன். மணம், சாணம், ஒடிந்த கிளை, காலடி. என் பழைய கேள்வியை அழிக்கப் போனேன். வேண்டாம், கடைசியில் இருக்கட்டும், "ஆமாம்" என்று தொட்டால் மட்டும் இன்னொரு கேள்வி வர வேண்டும் என்றார்.

இப்போது வருகிறது:

"எங்க தப்புப் பண்ணுனீங்க?"