தோலுக்குப் போட்ட மார்க்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன் பிறகு எழுதிய ஒரே பரீட்சை, தாம்பரத்துக்குக் கிழக்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் வராந்தாவில் நடந்தது. கேள்விகள் முழுவதும் தோலைப் பற்றி.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அதற்குப் பல வருடம் முன்பு, திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் வேலை செய்தபோது, சூடான இரும்புக் குழாய் முழங்காலுக்குக் கீழே தீய்த்துவிட்டது. அந்த வடுவோடு நெல்லூர், பெல்லாரி, ஹூப்ளி என்று சுற்றினேன். வடு புண்ணானது, புண் ஆறவில்லை. திரும்பி வந்து காட்டியபோது தோல் புற்றுநோய் என்றார்கள். வெட்டி எடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். கால் பிழைத்தது. தொடைக்குத்தான் கோபம், மழைக்காலம் வந்தால் இன்றும் அரிக்கும்.

வியாழக்கிழமை கட்டு மாற்றும் நாள். ஏழெட்டுப் பேர் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருப்போம். ஒரு வியாழக்கிழமை இளம் டாக்டரம்மா ஒருவர் தாள் கட்டோடு வந்தார். எங்களைப் போன்றவர்களின் வாழ்க்கை எந்த அளவுக்கு நன்றாக இருக்கிறது என்று அளக்கப் போகிறாராம். கடந்த ஏழு நாட்களில் உங்கள் தோலால் வெட்கம் உண்டானதா, வேலை தடைப்பட்டதா, உறவினர் இல்லம் செல்லத் தயங்கினீர்களா என்று கேள்விகள். எதற்கும் மூன்றே பதில்: மிகவும், ஓரளவு, இல்லவே இல்லை. எல்லாம் ரேடியோச் செய்தித் தமிழில் இருந்தன. பெஞ்சில் தடுமாறாமல் படிக்கக்கூடியவர்கள் என்னோடு சேர்த்து இரண்டே பேர். மற்றவர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். கேட்டு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

தாளில் இன்னொரு விஷயமும் இருந்தது. முகத்தில் புற்றை வெட்டி எடுத்தவர்களுக்கு மூக்கு, உதடு சரிசெய்யும் சர்ஜன் ஒருவர் மாதம் ஒருமுறை வருவார். வந்தால் இரண்டு பேருக்குத்தான் செய்வார். யாரை முதலில் அனுப்புவது என்று இந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவாகும். அதற்காகவே காத்திருந்தவள் சிட்லபாக்கத்தில் இட்லிக் கடை வைத்திருந்த அக்கா. கட்டியை எடுத்தபோது அவளுடைய மூக்கில் ஒரு பக்கத் துவாரத்தின் ஓரமும் போய்விட்டிருந்தது.

கண்ணாடி மறந்த ரிட்டயர்டு சாரிடமிருந்து தொடங்கினேன். அவருக்குப் பாதிக் காது இல்லை.

“சார், சொந்தக்காரங்க விசேஷத்துக்குப் போறதுல சிரமம் உண்டா?”

“இல்லவே இல்லப்பா. யாரும் கூப்பிடறதே இல்லையே.”

தாம்பத்திய வாழ்க்கையைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. பெஞ்சு முழுக்க அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தது. “அதுக்கும் காதுக்கும் சம்பந்தமில்ல, அடுத்ததுக்குப் போ” என்றார் சார்.

அக்காவிடம் வந்தேன். வெட்கம்? “இல்லவே இல்ல.” வேலைக்குத் தடை? “இல்லவே இல்ல.” எல்லாவற்றுக்கும் அதே பதில். அக்கா மட்டுமல்ல, அன்று பெஞ்சே அப்படித்தான் சொன்னது. வைத்தியம் பார்த்தவரின் முகத்துக்கு நேரே இன்னும் கஷ்டம்தான் என்று சொல்வது, விருந்து போட்டவளிடம் சாம்பார் சரியில்லை என்பது மாதிரி. நானும் என் தாளில் இல்லவே இல்லை என்றுதான் எழுதியிருந்தேன், நொண்டிக்கொண்டே.

டாக்டரம்மா தாள்களைப் புரட்டினார். “எல்லாரும் என்னைவிட நல்லா இருக்கீங்களே!”

“அப்போ பாஸாம்மா?” என்றாள் அக்கா. “மூக்கு எப்போ வெச்சித் தருவாங்கோ?”

“ஒரு சிரமமும் இல்லைன்னு சொல்லியிருக்கீங்களே. இதை வெச்சு உங்களை எப்படி முதல்ல அனுப்பறது?”

அக்காவின் முகம் விழுந்துபோனது. நான் தாளைத் திரும்ப வாங்கினேன். நான்தான் தப்பாக எழுதிவிட்டேன் என்று டாக்டரம்மாவிடம் ஒரு பொய் சொன்னேன். பிறகு அச்சடித்த கேள்வியை விட்டுவிட்டு என் கேள்வியைக் கேட்டேன்.

“கடையில இப்ப யாருக்கா இட்லி போடறது?”

“எங்க வூட்டுக்காரரு.”

“நீ?”

“நான் உள்ள. சட்னி அரைச்சிகினு, ஏனம் கழுவிகினு.”

“எத்தினி நாளா?”

“ஆபரேஷன் ஆனதுலேர்ந்து. ஒரு பொண்ணு என் மூஞ்சியப் பாத்துட்டு தட்ட அப்டியே வெச்சிட்டுப் பூட்சி. அப்பால இன்னாத்துக்கு முன்னால நிக்கறது?”

“இதான்கா வேலைக்குத் தடைன்றது.”

“இத்தயா கேட்டே? வேல செய்யறியா, சும்மா படுத்துகினு கீறியான்னு கேக்கறாங்கோன்னு நெனச்சேன்.”

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். அந்தக் கேள்வியில் இல்லவே இல்லை என்பதை அடித்துவிட்டு ‘மிகவும்’ என்று எழுதினார். வெட்கத்தையும் மறுபடி கேட்டார். அக்கா தரையைப் பார்த்தபடி தலையை மட்டும் ஆட்டினாள். அதுவும் ‘மிகவும்’ ஆனது.

அடுத்த மாதமே சர்ஜன் நெற்றியிலிருந்து தோலைத் திருப்பிக் கொண்டுவந்து மூக்கில் ஒட்டினார். சில வாரங்கள் யானைக்குட்டி போல ஒரு தும்பிக்கை நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவே தொங்கியது. சொன்னால் அடிக்க வருவாள் என்று நான் சொல்லவில்லை. சார் சொன்னார். அடியும் வாங்கினார். பிறகு அதையும் வெட்டிச் சரிசெய்தார்கள்.

ஆறு மாதம் கழித்து டாக்டரம்மா அதே தாளோடு வந்தார். மூக்கு வந்த பிறகு வாழ்க்கை எவ்வளவு மேல் என்று அளக்க வேண்டுமே. வெட்கம் இல்லவே இல்லை என்று அக்கா சத்தமாகச் சொன்னாள். டாக்டரம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. வேலைக்குத் தடை என்று நான் வாயைத் திறந்ததும், “ரொம்ப” என்றாள்.

“ஏங்க, மூக்கு நல்லாத்தானே வந்திருக்கு?” என்றார் டாக்டரம்மா.

“மூக்கு ஷோக்கா கீதும்மா. அது வந்ததும் வூட்டுக்காரரு பேப்பரத் தூக்கிகினு குந்திட்டாரு. முன்னாலயும் நானு, உள்ளயும் நானு. ஒருத்தன் சட்னின்றான், ஒருத்தன் சில்றன்றான். பத்து மணி வரிக்கும் குந்த முடியல. ஒரே பேஜாரு.”

“அது தோலால வந்த சிரமமா?”

“பின்ன? மூக்கு இல்லாதப்போ என்னை யாரு முன்னால கூப்ட்டாங்கோ?”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

“எழுதும்மா, ‘ரொம்ப’ன்னே எழுது” என்று எழுந்துகொண்டாள் அக்கா. “கடைக்குப் போவணும்.”