தோப்பில் பேசுகிற மனிதர்

என் வீட்டுக்காரருக்குப் பேச வரும் என்பதே ஜீப்பில் ஊர் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் எனக்குத் தெரியும். அதுவரை அவர் வாயில் கொழுக்கட்டை இருக்கிறது என்று நினைத்திருந்தேன். ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் மேஸ்திரி வேலை. வருவார், குளிப்பார், சாப்பிடுவார், டிவி முன்னால் உட்காருவார். அடுப்படியிலிருந்து நான் என்ன சொன்னாலும் ஒரு "ம்". பிள்ளைக்குக் காலேஜில் இடம் கிடைத்ததற்கும் "ம்", கேஸ் தீர்ந்துபோனதற்கும் அதே "ம்". வாசலில் லாரியும் பஸ்ஸும் ஓயாமல் ஓடும் மெயின் ரோட்டு வீடு எங்களுடையது. அந்த இரைச்சலோடு நானும் தனியாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

ஜீப் அவருடைய கூட்டாளியுடையது. ஒரே மில், ஒரே டிபார்ட்மெண்ட், ஒரே ஷிப்ட். மாப்ளே என்றுதான் இருவரும் கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்த முறையில் கூட்டாளி எனக்கு அண்ணன், அவர் மனைவிக்கு நான் மதினி. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் படிக்க வெளியூர் போன பிறகு, அண்ணன் ஒரு பழைய ஜீப்பை வாங்கி, பார்த்துப் பார்த்துச் சரிசெய்து, அதன் தலைமேல் ஒரு மடக்குக் கூடாரத்தைப் பூட்டினார். எங்களுக்கு இன்னொரு கூடாரம், தரையில் போடுவது. கேஸ் அடுப்பு, தண்ணீர் கேன், மடக்கு நாற்காலி. லீவு சேர்ந்தாற்போல் கிடைத்தால் நாலு பேரும் கிளம்பிவிடுவோம். மேகமலைப் பக்கம், மணப்பாடு கடற்கரை, செங்கோட்டை தாண்டி மலையாளத்து மலைகள் என்று எங்கெங்கோ போயிருக்கிறோம். காட்டுக்குள் கூடாரம் போட வனத்துறை விடாது. அதனால் தெரிந்தவர்கள் தோப்பாகக் கேட்டு வாங்கித் தங்குவோம்.

கூடாரம் போட்டு அடுப்பைப் பற்றவைத்ததும் என் வீட்டுக்காரருக்கு எங்கிருந்தோ வாய் முளைத்துவிடும். வீட்டில் உப்பு டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாத மனிதர், அங்கே வெங்காயம் உரிப்பார், மசாலா வறுப்பார், வறுத்துக்கொண்டே கதை சொல்வார். கேலி பேசுவார். அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பார். எனக்கு வயிறு எரியும். ஊருக்கெல்லாம் பந்தி வைக்கிறவர் வீட்டு இலையில் ஒரு அப்பளம்கூட வைத்ததில்லையே என்று இருக்கும்.

அண்ணனைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அவர் மனைவியைத்தான் பொறுக்க முடியவில்லை. நல்ல பெண், வஞ்சகம் இல்லாதவள், எனக்கு ஒரு தலைவலி என்றால் முதலில் ஓடி வருகிறவளும் அவள்தான். ஆனால் என் வீட்டுக்காரரிடம் எதைச் சொல்வதாக இருந்தாலும் இருந்த இடத்திலிருந்து சொல்ல மாட்டாள். எழுந்து போய், அவருக்கு நேர் எதிரே நின்று, முகத்துக்கு முகம் பார்த்துத்தான் சொல்வாள். "அண்ணே, காரம் போதும்ணே" என்பதற்கு எதற்கு இத்தனை கிட்டப் போக வேண்டும்? அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறாள், தங்கச்சியாகத்தான் பழகுகிறாள். அது எனக்கும் தெரியும். தெரிந்தாலும் எரிச்சல் எரிச்சல்தான்.

போதாததற்கு அவர்கள் மூவருக்கும் ஒரு கைப்பேச்சு உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் அவளும் அதே மில்லில் வேலை பார்த்தவள். மிஷின் ஓடும்போது பேச்சு எடுபடாதாம், கையால்தான் சொல்லிக்கொள்வார்களாம். தோப்பின் அந்தக் கோடியில் நின்று அண்ணன் இரண்டு விரலைக் காட்டுவார், இவர் தலையை ஆட்டுவார், அவள் டீக்குத் தண்ணீர் வைப்பாள். நான் மடக்கு நாற்காலியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பேன். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து வளர்ந்தவள், மில் என்றால் எனக்கு என்ன தெரியும்? ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு கூப்பிடுவார்கள், அப்போது போயிருக்கிறேன். வரிசை வரிசையாக மிஷின்களுக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டிருப்பார்கள். பொரி கொடுப்பார்கள். அன்றைக்கு ஒரு மிஷினும் ஓடாது.

போன தை மாதம் வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் மகாராஜபுரத்துக்குப் போனோம். அண்ணனின் சொந்தக்காரர் ஒருவருக்கு அங்கே தென்னந்தோப்பு இருக்கிறது. தோப்பு முடிகிற இடத்திலிருந்து பார்த்தால் மலை கைக்கெட்டுகிற தூரத்தில் நிற்கும். காற்றில் ஓலை உரசுகிற சத்தம் தவிர வேறு சத்தமில்லை.

பொழுது சாய்கிற நேரம். என் வீட்டுக்காரர் நாட்டுக்கோழிக் குழம்பைக் கிண்டிக்கொண்டே ஒரு கதை சொன்னார். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, ஆலங்குளத்துச் சுண்ணாம்புக் குவாரியில் வேட்டு வைப்பதைப் பார்க்க லாரியில் தொற்றிப் போன கதை. வீடு திரும்பும்போது தலை முதல் கால் வரை வெள்ளைப் புழுதியாம். அவர் அப்பாவுக்கே அடையாளம் தெரியாமல், "யாருலே நீ, என்ன வேணும்?" என்று வாசலிலேயே நிறுத்தி விசாரித்தாராம். பெயரைச் சொன்ன பிறகு புளிய விளாறு பேசியதாம்.

எதிரே குந்தி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் மனைவி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "மதினி, இந்தக் கதை ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா?" என்றேன். பச்சைப் பொய். கூடவே வாழ்கிற எனக்குத் தெரியாத கதை அவளுக்குக் கிடைத்துவிட்டது. அந்தச் சிறுபயலை, வெள்ளைப் புழுதியோடு வாசலில் நிற்கிறவனை, முதலில் பார்த்தவள் அவள்.

அவரை என் பக்கம் திருப்பியே ஆக வேண்டும் என்று ஒரு வேகம் வந்தது. அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். "ஏங்க, குளுருது, அந்தச் சால்வைய எடுங்க" என்றேன். அவர் குழம்பைக் கிண்டினார். "ஏங்க, ஒங்களத்தான்" என்றேன். உப்புப் பார்த்தார். மூன்றாவது தடவை நான் கத்திய கத்தலில் மரத்திலிருந்த காக்கையே பறந்துவிட்டது. அவர் கரண்டியைக் கழுவினார். கூட்டாளி வீட்டார் முன்னால் என்னை இப்படி அவமானப்படுத்துகிறாரே என்று எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

அண்ணன் மனைவி சால்வையை எடுத்துவந்து என் தோளில் போட்டாள். "என்ன மதினி நீங்க, தெரியாத மாதிரி பின்னால இருந்து கத்துதீக? முன்னால போயி நின்னாத்தானே அண்ணனுக்கு வெளங்கும்? எங்க வீட்டுலயும் அதே பாடுதான். முதுகுக்குப் பின்னால சொன்னா ஊருக்கே கேக்கும், அவியளுக்குக் கேக்காது. மில்லுக் காது அப்படித்தான்."

"ஆமா, மறந்துட்டேன்" என்று சொல்லிச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பைச் சிரிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என் புருஷனுக்குக் காது மந்தம் என்பது ஊரார் வீட்டுப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. ஐயோ பாவம் என்று அவருக்காக இரங்கியிருக்க வேண்டும், நல்ல மனைவி அதைத்தான் செய்திருப்பாள். எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். 

விடிந்ததும் அவரைத் தேடிப் போனேன். தோப்பின் கோடியில் பம்புசெட் தொட்டித் திண்டில் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மோட்டார் ஓடவில்லை. நேரே முன்னால் போய் நின்றேன்.

"ஒங்களுக்குக் காது கேக்காதா?"

அவர் என் உதட்டையே பார்த்தார். நான் கேட்டதைவிட அந்தப் பார்வை என்னை என்னமோ செய்தது.

"கேக்கும். கொஞ்சம் மந்தம்."

"எம்புட்டு நாளா?"

"அது ஆச்சு, வருசக்கணக்குல. டாக்டர்ட்டயும் காட்டியாச்சு. மாப்ளையும் நானும் ஒண்ணாத்தான் போனோம்."

அதற்கும் அண்ணன்தான் துணை. "அவியளுக்கெல்லாம் தெரியும். எங்கிட்ட மட்டும் ஏன் சொல்லல?"

அவர் தொட்டித் தண்ணீரில் மிதந்த தென்னம்பூவை ஒதுக்கினார். "அவனுக்கும் கேக்காது, எனக்கும் கேக்காது. அவன்கிட்ட என்ன வெக்கம்? என்னலே சொன்னேன்னு நூறு தடவ கேப்பேன். ஒன் முன்னாலதான் எல்லாம் சரியா இருக்குத மாதிரி இருக்கணும்னு நெனச்சேன். அதான் நீ என்ன சொன்னாலும் 'ம்' போட்டுக்கிட்டே இருந்தேன்."

இதைக் கேட்டுப் பூரித்துப்போகிற பெண்கள் இருக்கலாம். எனக்குக் கோபம்தான் வந்தது. கதையெல்லாம் அவர்களுக்கு, கேலியெல்லாம் அவர்களுக்கு, நடிப்பு மட்டும் எனக்கா? இந்த மரியாதையை யார் கேட்டார்கள்? வாய்க்கு வந்தபடி திட்டினேன். என் உதட்டைப் பார்த்து, ஒரு திட்டு விடாமல் வாங்கிக்கொண்டார்.

நான் ஓய்ந்த பிறகு கேட்டார். "சரி, அடுப்படியில நின்னுக்கிட்டு இம்புட்டு வருசமா நீ என்னதான் சொல்லிக்கிட்டிருந்த?"

என்ன சொல்வது? பால்காரர் வராதது, பக்கத்து வீட்டுச் சண்டை, பருப்பு விலை. அதையெல்லாம் இப்போது எடுத்துச் சொன்னால் சிரிப்பாகத்தான் இருக்கும். ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல முடிந்தது. என் அப்பா இறந்த வருஷம் ஒரு நாள் காலை, தோசைக் கல்லைப் பார்த்தபடியே அவரிடம் சொன்னேன், அப்பா நினைப்பாகவே இருக்கிறது, ஒரு வேலையும் ஓடவில்லை என்று. சொல்லிவிட்டு அவர் எழுந்து வருவார் என்று நின்றேன். மில்லுக்குக் கிளம்பி வண்டியை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு என் மனதில் உள்ளது எதையும் நான் அவரிடம் கொண்டுபோகவில்லை.

அதைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனது.

"அன்னைக்கு நான் என்ன சொன்னேன்?"

"'ம்'னு சொன்னீக."

அவர் நகர்ந்து திண்டில் எனக்கு இடம் விட்டார். நான் உட்கார்ந்ததும் என் பக்கமாக முழுசாகத் திரும்பினார். "மாமாவப் பத்தி இப்பச் சொல்லு" என்றார்.

சொல்ல ஆரம்பித்தேன். அவர் முதுகுக்குப் பின்னால், கூடாரத்துப் பக்கமிருந்து அண்ணன் மனைவியின் குரல் வந்தது. "மதினி, காப்பி ஆறுது! அண்ணனையும் கூட்டிக்கிட்டு வாங்க!"

அவருக்கு அது கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.